செவலையின் வாய்க்குள் போன கை

செல்லம்மாள் முதலில் வளையல்களைக் கழற்றினாள். வலது கையிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, பக்கத்தில் நின்ற மைதிலி மாமியிடம் நீட்டினாள். மாமி மடியாக இருந்தார். குளித்துவிட்டு, யாரையும் தொடாமல் சமையலுக்குப் போக வேண்டிய நேரம். ஓரடி பின்வாங்கினார்.

"கீழ வைடி. நான் பாத்துக்கறேன்."

வளையல்கள் வாசற்படியில் உட்கார்ந்தன. சிவப்பும் பச்சையுமான கண்ணாடி வளையல்கள்.

அவளுடைய பசு செவலை தெருவின் நடுவில் நின்றது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக இறங்கித் தரையைத் தொட்டது. முந்தின நாளிலிருந்து தீனி எடுக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் மூக்கை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தது. அவ்வப்போது கழுத்தை நீட்டிக் கத்தியது. அந்தக் குரல் மாட்டின் குரலாக இல்லை. தொண்டை கட்டிய மனிதன் யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது.

"மாங்கொட்டைதான். சந்தேகமே வேண்டாம்" என்றார் காபி கிளப் சாமண்ணா. "தேர்க்கூட்டம் தின்னு போட்ட கொட்டை. முழுசா முழுங்கியிருக்கும்."

செல்லம்மாளின் கணவன் மருதமுத்து மூங்கில் குழாயில் நல்லெண்ணெய் ஊற்றிப் புகட்டிப் பார்த்தான். எண்ணெய் அப்படியே வெளியே வந்தது. பிறகு அவன் கொம்பைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய கை பெரியது. அவளுடையது சிறியது.

"வாயைத் தொற, கண்ணு. பாக்குறேன், வாயைத் தொற."

கை முழங்கைவரை உள்ளே போனது. தெருவே சுற்றி நின்று பார்த்தது.

"வழவழன்னு போவுது. ஒண்ணும் தட்டல."

"இன்னும் கொஞ்சம் உள்ள விடு, புள்ள" என்றான் மருதமுத்து.

கையை வெளியே எடுத்தபோது விரல் முட்டியில் பல் உரசிய தடம் இருந்தது. புல் அறுக்கும் அரிவாள் பட்ட பழைய கீறல்களும் இருந்தன. முந்தானையில் துடைத்துக்கொண்டு வளையல்களை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

இந்த வாரம் நான் எழுதப்போவது அந்தக் கையைப் பற்றி.

தேர் போன தெரு

சென்ற வாரம் சித்திரைத் தேரைப் பற்றி எழுதினேன். தேர் நிலைக்கு வந்த பிறகு தெருவில் என்ன கிடந்தது என்று எழுதவில்லை.

கிராமத்து ஜனங்கள் கட்டுச்சோற்றோடு வந்து, தெருவிலேயே சமைத்து, தெருவிலேயே தூங்கிப் போவார்கள். அவர்கள் போன பிறகு எச்சில் இலை, இளநீர் மட்டை, மாங்கொட்டை, முடி எல்லாம் கிடக்கும். வெயிலில் அவை புளிக்கிற வாடை வீட்டுக்குள் வரும். அந்தக் குப்பைக்கு மாடுகள் வரும். மாடுகளோடு நாய்களும் வரும். எங்கிருந்தோ கூட்டத்தோடு வந்த நாய்கள், கூட்டம் போன பிறகும் இருக்கும்.

வைகுண்ட ஏகாதசிக்கு வருகிறவர்களுக்குக் காலரா ஊசி போட்டுத்தான் ஊருக்குள் விடுவார்கள். நாய்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

அப்போது நான் ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மாடி அறையில் குடியிருந்தேன். தென்னூர்ப் பக்கம் இருந்த ஒரு பத்திரிகை அலுவலகத்தில் நிருபர் வேலை. வீட்டுக்காரர் ரங்கராஜன், ரயில்வே குமாஸ்தா. மைதிலி மாமி அவருடைய மனைவி. மாமி என்று தெருவே கூப்பிட்டதால் நானும் கூப்பிட்டேன். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். அவர்களுக்கு ஒரே பெண், கோதை. நடக்கக் கற்றுக்கொண்டு வெகுநாள் ஆகியும் தூக்கச் சொல்லி அழுகிற, மெலிந்த குழந்தை.

வாசலுக்கு வந்த பால்

அந்த நாளில் பாலை யாரும் நம்பி வாங்க மாட்டார்கள். மாடு வாசலுக்கு வர வேண்டும். வெறும் செம்பைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். கண்ணெதிரே கறக்க வேண்டும்.

விடிந்ததும் மருதமுத்து செவலையை ஓட்டிக்கொண்டு கொள்ளிடக்கரைப் பக்கமிருந்து வருவான். பின்னால் செல்லம்மாள், கக்கத்தில் கன்றுக்குட்டியை இடுக்கிக்கொண்டு. உயிருள்ள கன்று அல்ல. செத்துப்போன கன்றின் தோலை உரித்து, வைக்கோல் திணித்துத் தைத்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். அதை முன்னால் நிறுத்தினால் செவலை நக்கும்; நக்கினால் பால் சுரக்கும். ஒவ்வொரு வாசலிலும் இது நடக்கும். வைக்கோல் கன்றின் நெற்றியில் முடி உதிர்ந்து பளபளவென்று ஆகியிருந்தது.

தண்ணீர் கலக்கவில்லை என்பதில் எல்லோருக்கும் திருப்தி. கண்ணால் பார்த்த பால் நல்ல பால்.

கோதைக்கு ஒரு டம்ளர் கறந்த சூட்டோடு கொடுப்பார்கள். உடம்பு தேறும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நுரை மேலுதட்டில் மீசையாக ஒட்டிக்கொள்ள, குழந்தை செல்லம்மாளின் இடுப்பில் உட்கார்ந்து குடிக்கும். தாயிடம் குடிக்க மறுக்கிற குழந்தை அவளிடம் குடித்தது.

"இது ஒங்க புள்ள இல்ல மாமி, செவலை புள்ள" என்பாள் செல்லம்மாள்.

"அப்ப கூட்டிண்டு போ. ராத்திரி அழறப்போ நீயே வெச்சுக்கோ."

பால் என்ற சொல்

வாய்க்குள் கை விட்டதற்கு மறுநாள் செவலை படுத்துவிட்டது. பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் சைக்கிளில் வந்தார். இளைஞர். தொலைவிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். கிட்டே போகவில்லை. அதன் பின்னங்காலில் ஆறிய காயத்தைக் கம்பால் சுட்டிக் காட்டினார்.

"இது எப்ப பட்டது?"

"பங்குனியிலங்க. நாய் ஒண்ணு பாஞ்சுது. மஞ்சளும் சுண்ணாம்பும் வெச்சேன், ஆறிடுச்சு" என்றான் மருதமுத்து.

"நாய் என்ன ஆச்சு?"

"அது எங்கயோ போயிடுச்சுங்க."

டாக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "இது வெறி. மாட்டை யாரும் தொடாதீங்க. கடி பட்டவங்க, பால் குடிச்சவங்க எல்லாம் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. அப்புறம்..."

அவர் மேலும் ஏதோ சொன்னார். 'பால்' என்ற சொல்லுக்குப் பிறகு யாரும் எதையும் கேட்கவில்லை.

ரங்கராஜன் சட்டையில்லாமல் ஓடி வந்தார். "பாலா குடுத்தே? விஷத்தைன்னா குடுத்திருக்கே! எங்காத்துக் கொழந்தையக் கொன்னுட்டியேடி!"

செல்லம்மாள் மாமியின் இடுப்பிலிருந்த கோதையைப் பார்த்தாள். அவளைக் கண்டதும் குழந்தை வழக்கம்போல் கையை நீட்டியது. மாமி சட்டென்று திரும்பிக்கொண்டார்.

அந்தத் தெருவில் செவலையின் பால் போகாத வீடு இல்லை. சாமண்ணாவின் காபி கிளப்புக்குப் போயிருந்தது. மூலையில் இருந்த சிறிய அனுமார் சன்னதியில் பச்சைப்பாலைத் துளசியோடு தீர்த்தமாகக் கொடுத்திருந்தார்கள். யார் யார் வாங்கினார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

செல்லம்மாள்தான் வீடு வீடாகப் போனாள். கதவைச் சாத்தியவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று சொன்னாள்: "திட்டுறதை அப்பறமா திட்டுங்க. புள்ளைங்கள மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க."

செவலை அன்று சாயங்காலம் செத்தது. கொள்ளிடத்து மணலில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

இரண்டு கேள்விகள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் தெரு முழுக்க வரிசையில் நின்றது. தொப்புளைச் சுற்றி நாள்தோறும் போட வேண்டிய ஊசி. குன்னூரிலிருந்து வருகிற மருந்து. இருப்பு கொஞ்சம்தான் என்று பேச்சு அடிபட்டது. அதனால் அங்கிருந்த டாக்டர் ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்விகள் கேட்டார். மாடு கடித்ததா? பால் குடித்தாயா, பச்சையா, காய்ச்சியதா?

பச்சையாகக் குடித்தவர்களுக்கு ஊசி. காய்ச்சிக் குடித்தவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

சாமண்ணா போகவில்லை. "நான் நாளெல்லாம் பாலோட பொழங்கறவன் சார். நுரையை ருசி பாத்திருப்பேன், ஞாபகம் இல்ல. எனக்கும் போட்டுடுங்கோ."

"தேவையில்லைங்கறேன்."

"தேவையில்லேன்னாலும் போடுங்கோ. பெருமாள் புண்ணியம் உங்களுக்கு."

அவருக்கும் போட்டார்கள்.

கோதையின் முறை வந்தது. ஊசியைப் பார்த்ததும் குழந்தை மாமியைத் திமிறித் தள்ளியது. சுவரோரம் நின்றிருந்த செல்லம்மாளிடம் தாவியது. இந்தமுறை மாமி தடுக்கவில்லை. செல்லம்மாள் குழந்தையை மடியில் கிடத்தி, இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஊசி போட்டு முடிந்ததும் டாக்டர் நிமிர்ந்தார். "இந்தம்மா யாரு?"

"மாட்டுக்காரி சார்" என்றார் ரங்கராஜன்.

"மாடு கடிச்சுதாம்மா?"

"ஐயோ, அது கடிக்காதுங்க. பச்சப்புள்ள மாதிரிங்க அது."

"பால் குடிச்சியா?"

செல்லம்மாள் சிரித்துவிட்டாள். அந்த இரண்டு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான். "நாங்க எங்கங்க பால் குடிக்கிறது? அவ்வளவும் இவங்க வூட்டுக்குத்தாங்க."

வரிசையிலும் சிலர் சிரித்தார்கள். கேள்வியே வேடிக்கையாக இருந்தது.

"அப்ப உனக்கு ஒண்ணுமில்ல. தள்ளி நில்லு."

தள்ளி நின்றாள். வரிசையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கை செவலையின் வாய்க்குள் போனதைப் பார்த்தவர்கள். நானும் பார்த்தவன். கடித்தால் வருவது வெறி என்பது எங்களுக்குத் தெரியும். செவலை கடிக்கவில்லை. செல்லம்மாள்தான் கையை விட்டாள்.

அதன் பிறகு ஊசி முடிகிறவரை தினமும் மாமியும் செல்லம்மாளும் குழந்தையோடு பஸ்ஸில் பாலம் தாண்டிப் போனார்கள். கால்களைப் பிடித்துக்கொள்ள அவள் வேண்டும். வேறு யார் பிடித்தாலும் கோதை அடங்கவில்லை. மருந்து இருந்த மேஜைக்குக் கைநீட்டும் தூரத்தில் அவள் தினமும் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நாட்களில் ஆஸ்பத்திரியின் கோடி அறை ஒன்றில் நாய் கடித்த ஒரு ஆளைப் பூட்டி வைத்திருந்தார்கள். மாமி ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "தண்ணியக் காட்டினா அலறறான். காத்துப் பட்டாக்கூட அலறறான்" என்று மட்டும் சொன்னார்.

மாடு என்று போடு

நான் எழுதிக் கொடுத்த செய்தியில் 'வெறி பிடித்த பசு' என்று இருந்தது. செய்தி ஆசிரியர் அடித்தார்.

"பசுன்னு போடாதேய்யா. ஸ்ரீரங்கத்துல நம்ம பேப்பரைக் கொளுத்துவான். மாடுன்னு போடு."

மாடு என்று போட்டோம். பால் குடித்தவர்களுக்குத் தடுப்பு ஊசி, மக்கள் பீதியடைய வேண்டாம் என்று முடித்தோம். சிறிய செய்தி.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் லால்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். ஆடுகள் அடைப்பான் நோயில் திடீர் திடீரென்று விழுந்து செத்துக்கொண்டிருந்தன. செத்த ஆட்டைப் புதைக்க யாருக்கும் மனம் வரவில்லை. உரித்துப் பங்கு போட்டுத் தின்றார்கள்.

"நல்லா வேகவெச்சுத்தாங்க தின்னோம். யாருக்கு என்ன ஆச்சு சொல்லுங்க?" என்று என்னிடம் வழக்காடினார் ஊர்ப் பெரியவர் ஒருவர். அவர் சொன்னதில் பொய் இல்லை. தின்றவர்கள் நன்றாகவே இருந்தார்கள். உரித்தவன் குடிசையில் கிடந்தான். முன்கையில் நடுவே கரியாகக் கறுத்த புண். கை தோள்வரை வீங்கியிருந்தது. நான் ஊர் திரும்பிய வாரத்தில் அவன் செத்துப்போனதாகச் சொன்னார்கள்.

நோய் என்று வந்தால் நாம் வாயைத்தான் பார்க்கிறோம். எதைத் தின்றாய், எதைக் குடித்தாய்? வேலை செய்த கையை யாரும் பார்ப்பதில்லை.

ஆடிப்பெருக்கு

தெரு பிழைத்தது. கோதை பிழைத்தாள், கொஞ்சம் சதையும் போட்டாள். சாமண்ணாவுக்கு மட்டும் ஊசி முடிந்த பிறகு ஒரு கால் மரத்துப்போய் இழுத்தது. சிலருக்கு அந்த மருந்தே அப்படிச் செய்யும் என்றார்கள். காய்ச்சிய பால் மட்டுமே குடித்த மனிதர், கடைசிவரை காலை இழுத்து இழுத்துத்தான் காபி ஆற்றினார்.

மருதமுத்து வேறு மாடு கொண்டுவந்தாலும் அவனிடம் பால் வாங்க ஆள் இல்லை. அவன் கூலிக்குப் போனான். செல்லம்மாள் தெருவில் சாணி பொறுக்கி வரட்டி தட்டி விற்றாள். ஆடி பிறந்ததும் ஒருநாள் வரட்டி கொண்டுவந்தவள் வலது கையைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"கையி மதமதங்குது மாமி. எறும்பு ஊர்ற மாதிரி."

"சாணியிலயே கெடந்தா என்ன பண்ணும்? வெந்நீர்ல வெச்சுக்கோ" என்றார் மாமி.

பதினெட்டாம் பெருக்கு அன்று காவிரி இரு கரையும் தொட்டுப் போயிற்று. அம்மா மண்டபத்துப் படித்துறையில் கூட்டம். மாமி பூஜை முடித்து, செம்பில் புதுத் தண்ணீரோடு திரும்பி வந்தார். மருதமுத்து வாசலில் நின்றிருந்தான்.

"மாமி, கொஞ்சம் வந்து பாருங்க. ரெண்டு நாளாக் காச்சல். ஒரு வாய் தண்ணி எறங்க மாட்டேங்குது. முந்தாநாள் மீன் தின்னா. முள்ளு அடைச்சிருக்கும்னு நெனைக்கிறேன்."

மாமி ஒரு டம்ளர் பாலைச் சுடவைத்து எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் பால் போனது அன்றுதான். நானும் கூடப் போனேன்.

செல்லம்மாள் கூரைக்கு அடியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேலே, ஆணியில், வைக்கோல் கன்று தொங்கியது. எங்களைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

"கோதை எப்படி இருக்குங்க?"

"நன்னா இருக்கா. நீ இதைக் குடி மொதல்ல."

டம்ளரைக் கையில் வாங்கினாள். உதட்டருகே கொண்டுபோனாள். கழுத்து நரம்புகள் புடைத்தன. தொண்டை உள்ளே இழுத்தது. தலை தானாகப் பின்னால் போய்ச் சுவரில் மோதியது. டம்ளர் விழுந்து, பால் மண் தரையில் ஓடியது. அவள் கழுத்தை நீட்டிக் கத்தினாள். அந்தக் குரலை எங்கள் தெரு சித்திரையில் கேட்டிருந்தது.

"இப்படித்தாங்க. விசிறியை எடுத்தாக்கூட அலறுறா" என்றான் மருதமுத்து. அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவள் வாயோரத்தில் எச்சில் நூலாக இறங்கியது. இடது கையால் அவள் தாடையைப் பிடித்தான். வலது கையின் விரல்களைக் குவித்தான்.

"வாயைத் தொற, புள்ள. பாக்குறேன்."

மாமி பூஜைக்குக் கட்டிய மடிப்புடவையில் இருந்தார். ஒரே எட்டில் போய், இரண்டு கைகளாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவன் திகைத்துப்போய் அவரைப் பார்த்தான். மாமியின் வாய் கோணிக்கொண்டது. 

"செவலை" என்றார். "அன்னிக்குச் செவலை வாயில..."

பிடித்த கையை மாமி விடவில்லை. 

செல்லம்மாள் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைத் திருப்பி, முட்டியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது கேள்வி

கூண்டு வண்டியில் கொண்டுபோனோம். பாலத்தின்மேல் போகும்போது காவிரியின் இரைச்சல் கேட்டு அவள் உடம்பு தூக்கிப் போட்டது. மருதமுத்து அவள் கண்களைத் துண்டால் கட்டி, காதுகளைப் பொத்திக்கொண்டான். அவன் உள்ளங்கைக்கும் அவள் கன்னத்துக்கும் நடுவில் மாமி தன் புடவைத் தலைப்பை மடித்து வைத்திருந்தார்.

அந்தக் கோடி அறையில் வைத்தார்கள். மருதமுத்துவை உள்ளே விடவில்லை. கம்பிக்கு வெளியே நின்றான். நடுநடுவே தெளிவு வந்தபோதெல்லாம் அவள் அவனைக் கிட்டே வராதே என்றாள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

செய்தி ஆசிரியரிடம் சொன்னேன். "அந்த மாட்டுச் செய்தியைத்தான் அப்பவே போட்டாச்சேய்யா" என்றார்.

உடலைத் தருவதற்கு முன்னால் டாக்டர் மருதமுத்துவை மேஜைக்கு அழைத்தார். சித்திரையில் எங்கள் தெருவுக்கு ஊசி போட்ட அதே டாக்டர். அவனை உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை.

"அந்தம்மா உன்னைக் கடிச்சாங்களா?"

"இல்லீங்க."

"அவங்க குடிச்ச மிச்சம் எதையாவது குடிச்சியா?"

"அவ எதையும் குடிக்கலீங்களே."

டாக்டர் மேஜைமேல் இருந்த அவனுடைய கைகளைத் திருப்பச் சொல்லி, உள்ளங்கையையும் விரல்களையும் பார்த்தார். பிறகு சித்திரையில் யாரிடமும் கேட்காததைக் கேட்டார்.

"வாயில கையை விட்டியா?"

மருதமுத்து தன் மணிக்கட்டைப் பார்த்தான்.

"இல்லீங்க. மாமி புடிச்சுக்கிட்டாங்க."